வன உரிமைச் சட்டம் 2006-ஆ, 2007-ஆ, 2008-ஆ? மசோதா சட்டமாவது எந்த நாளில்?

மலைச்சாரல் (ஏற்காடு) கேட்கிறார்:

வணக்கம். ஏற்காடு மலைக் கிராமங்களில் வன உரிமைக் குழுவில் இருப்பவர்களுக்கு அடுத்த மாதம் அரைநாள் வகுப்பு வைத்திருக்கிறோம். பிரிவுகளுக்குள் போகும் முன் "இது எப்படிச் சட்டமானது" என்று சொல்ல ஒரு மணி நேரம் ஒதுக்கியிருக்கிறேன். குறிப்பு எடுக்க உட்கார்ந்தால் ஒரு தாளில் 2006 என்று இருக்கிறது, இன்னொன்றில் 2007-ஆம் ஆண்டின் 2-ஆம் எண் சட்டம் என்று இருக்கிறது, மூன்றாவதில் 2008 ஜனவரி முதல் என்று இருக்கிறது. எது சரி?

இன்னும் மூன்று சந்தேகங்கள். "மக்களவையில் நிறைவேறியது" என்று செய்தி வந்த அன்றே சட்டம் வந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளலாமா? டெல்லியில் நடப்பதும் சென்னையில் பேரவையில் நடப்பதும் ஒரே முறைதானா? மசோதாவாக இருக்கும்போதே ஊர்க்காரர் ஒருவர் தன் கருத்தைச் சொல்ல வழி உண்டா?

முதல் வாசிப்பு, இரண்டாம் வாசிப்பு என்று அம்புக்குறி போட்ட பாடப்புத்தகப் படம் என்னிடம் இருக்கிறது. அதற்கு மேல் விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

மூன்று தாளும் சரிதான் ஐயா. ஒவ்வொன்றும் வேறொரு நாளைச் சொல்கிறது. அந்த நாட்களை வரிசையாகக் கரும்பலகையில் எழுதினாலே உங்கள் வகுப்பில் பாதி முடிந்துவிடும்.

மக்களவையில் மசோதா அறிமுகமானது 2005 டிசம்பர் 13. மக்களவை நிறைவேற்றியது 2006 டிசம்பர் 15. மாநிலங்களவை நிறைவேற்றியது டிசம்பர் 18. குடியரசுத் தலைவர் ஒப்புதல் தந்தது டிசம்பர் 29. ஒப்புதல் கிடைத்த அந்த நாளில்தான் மசோதா "சட்டம்" என்ற பெயரைப் பெற்றது. ஆண்டின் கடைசி நாட்களில் ஒப்புதல் வந்ததால் பெயரில் 2006 நின்றுவிட்டது, எண் மட்டும் அடுத்த ஆண்டின் வரிசையில் போய் 2007-இன் 2 ஆனது.

சட்டம் பிறந்துவிட்டது, நடக்கத் தொடங்கவில்லை. முதல் பிரிவின் மூன்றாம் உட்பிரிவைப் பாருங்கள்: மத்திய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இது நடைமுறைக்கு வரும் என்று இருக்கும். அந்த அறிவிக்கை தந்த நாள் 2007 டிசம்பர் 31. ஒப்புதலுக்கும் நடைமுறைக்கும் நடுவே ஒரு வருடம் ஓடிவிட்டது. விதிகள் வெளியானது மறுநாள், 2008 ஜனவரி 1. அந்த விதிகளின் பெயரோ "2007-ஆம் ஆண்டு விதிகள்". குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

எந்தச் சட்டமானாலும் இந்த மூன்று நாட்களைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: ஒப்புதல் எப்போது, நடைமுறை எப்போது, விதிகள் எப்போது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு ஒப்புதல் 2005 ஜூன் 15, முழுமையாக நடைமுறைக்கு வந்தது அக்டோபர் 12. 120-ஆவது நாள் என்று சட்டத்திலேயே எழுதியிருந்தார்கள். அப்படி நாளைக் குறிக்காமல் அரசின் அறிவிக்கைக்கு விட்டுவிட்டால் அது வராமலே போகலாம். 1995-ஆம் ஆண்டின் டெல்லி வாடகைச் சட்டம் இரு அவையும் தாண்டி ஒப்புதலும் பெற்றது. நடைமுறை அறிவிக்கை வரவே இல்லை.

அடுத்தது, அவைக்குள் நடப்பது. முதல் வாசிப்பு என்பது "அறிமுகம் செய்ய அனுமதி" கேட்பது மட்டும். வழக்கமாக அதில் விவாதம் இல்லை. வேலை எல்லாம் இரண்டாம் வாசிப்பில். முதலில் மசோதாவின் கொள்கை பற்றிப் பொது விவாதம். அந்தக் கட்டத்தில் அந்த அவை உறுப்பினர்கள் மட்டும் கொண்ட தெரிவுக் குழுவுக்கோ, இரு அவைகளின் கூட்டுக் குழுவுக்கோ அனுப்பலாம். மக்கள் கருத்தறியச் சுற்றுக்கும் விடலாம். அதன்பின் பிரிவு பிரிவாக எடுப்பார்கள்.

பிரிவு பிரிவாக எடுக்கும் முறையை வகுப்பில் நடித்தே காட்டலாம். சபாநாயகர் 2-ஆம் பிரிவில் தொடங்குவார். அதற்குத் திருத்தம் கொடுத்தவர் அதை முன்மொழிவார். ஒரு நாள் முன்னதாக அறிவிப்புத் தந்திருக்க வேண்டும். முதலில் திருத்தத்துக்கு வாக்கு, பிறகு "பிரிவு 2 மசோதாவின் பகுதியாக அமையட்டும்" என்பதற்கு வாக்கு. இப்படியே கடைசிப் பிரிவுவரை போய், அட்டவணை இருந்தால் அதையும் முடித்துவிட்டு, அதன்பின்தான் முதல் பிரிவுக்குத் திரும்புவார்கள். இயற்றுவாசகமும் ("இதனால் இயற்றப்படுகிறது" என்ற முகப்பு வரி) நீண்ட தலைப்பும் எல்லாவற்றுக்கும் கடைசி. உள்ளே என்ன மாறியது என்று தெரிந்த பிறகே பெயரை முடிவு செய்ய முடியும் என்பதுதான் காரணம்.

வன உரிமைச் சட்டத்தில் பெயரே மாறியது. அறிமுகமானபோது அது பழங்குடியினருக்கு மட்டுமான மசோதா. கூட்டுக் குழுவுக்குப் போய் 2006 மே மாதம் அறிக்கை வந்தது. காட்டை நம்பிப் பரம்பரையாக வாழும் மற்றவர்களையும் சேர்க்கச் சொன்னது குழு. அதனால்தான் இன்று தலைப்பில் "மற்றும் பிற பாரம்பரிய வனவாசிகள்" என்று இருக்கிறது. அதைவிடப் பெரிய மாற்றம் தகுதி நாள். முதல் வரைவில் 1980 அக்டோபர் 25-க்கு முன்பிருந்தே நிலம் கைவசம் இருந்திருக்க வேண்டும். குழு அதை 2005 டிசம்பர் 13-க்குக் கொண்டுவந்தது, அதாவது மசோதா அறிமுகமான நாளுக்கே. நில உச்சவரம்பு 2.5 ஹெக்டேரிலிருந்து சட்டத்தில் 4 ஹெக்டேர் ஆனது. மனுப் படிவத்தில் நாம் நிரப்பும் அந்தத் தேதி குழு அறையில் எழுதப்பட்டது. குழுவுக்கு அனுப்பாமல் ஒரே நாளில் நிறைவேற்றும் மசோதாவில் இப்படி ஒரு திருத்தம் நுழையவே இடமிருக்காது. அதனால்தான் குழு நிலையைத் தவிர்ப்பதை நான் பெரிய குறையாகப் பார்க்கிறேன்.

வாக்கெடுப்பு: வந்திருந்து வாக்களிப்பவர்களில் பெரும்பான்மை போதும். மொத்த உறுப்பினர்களில் பாதி தேவையில்லை. அவை நடக்கப் பத்தில் ஒரு பங்கு இருந்தாக வேண்டும். 543 பேர் கொண்ட மக்களவையில் அது 55. குரல் வாக்கில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவே இருக்காது. அந்தப் பதிவு வேண்டுமென்றால் உறுப்பினர் எழுந்து டிவிஷன் கேட்க வேண்டும்.

மாநிலங்களவை ஒத்துக்கொள்ளாவிட்டால் கூட்டுக் கூட்டம். இதுவரை மூன்று மசோதாக்களுக்குத்தான் அப்படி நடந்தது: 1961 வரதட்சணைத் தடை, 1978 வங்கிப் பணித் தேர்வாணைய நீக்கம், 2002 பொடா. வரி, அரசுச் செலவு போன்றவை மட்டும் பற்றிய பண மசோதாவுக்குக் கூட்டுக் கூட்டம் கிடையாது. மாநிலங்களவை 14 நாளுக்குள் பரிந்துரை சொல்லலாம். ஏற்பதும் விடுவதும் மக்களவையின் விருப்பம்.

ஓமலூர் ஆசிரியை:

வக்கீல் சார் டெல்லியை முடித்துவிட்டார், நான் சென்னையைச் சொல்கிறேன்.

நம் மாநிலத்தில் ஒரே அவைதான். மேலவை 1986 நவம்பர் 1-இல் ஒழிக்கப்பட்டது. 234 உறுப்பினர்கள், கூட்டம் நடக்கக் குறைந்தது 24 பேர். செய்தித்தாள் "மசோதா" என்று எழுதுவதைப் பேரவை ஆவணங்களில் "சட்டமுன்வடிவு" என்று தேடினால்தான் கிடைக்கும்.

பேரவைக்கு வருமுன்பே அது வெகுதூரம் நடந்திருக்கும். சம்பந்தப்பட்ட துறை கருத்துருவைத் தயாரிக்கும், செலவு இருந்தால் நிதித்துறை பார்க்கும், சட்டத்துறை வாசகத்தைச் சரிசெய்யும், அமைச்சரவை ஒப்பும். அரசின் வருவாய் சேரும் தொகுப்பு நிதியிலிருந்து செலவு பிடிக்கும் சட்டமுன்வடிவை ஆளுநரின் பரிந்துரை இல்லாமல் பேரவை நிறைவேற்ற முடியாது, அரசியலமைப்பின் 207-ஆம் பிரிவு. அச்சான சட்டமுன்வடிவின் கடைசியில் நோக்கக் காரண விளக்கவுரை இருக்கும். உங்கள் வகுப்புக்கு வருபவர்களை முதலில் அதைப் படிக்கச் சொல்லுங்கள். நாற்பது பக்கச் சட்டமானாலும் எதற்காகக் கொண்டுவருகிறார்கள் என்பது அங்கே ஒரு பக்கத்தில் கிடைத்துவிடும்.

"நிறைவேறியது" என்ற செய்தியை நம்பி அவசரப்படக் கூடாது என்பதற்கு நம் ஆலைத் தொழிலாளர்களுக்குத் தெரிந்த உதாரணமே இருக்கிறது. வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க வழிசெய்த தொழிற்சாலைகள் திருத்தச் சட்டமுன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று குரல் வாக்கில் நிறைவேறியது. மூன்றாம் நாள், 24-ஆம் தேதி, நிறுத்திவைக்கப்பட்டது. மே 1 அன்று திரும்பப் பெறுவதாக முதல்வர் அறிவித்தார். பேரவை நிறைவேற்றிய அந்த வாசகம் ஒரு நாள்கூடச் சட்டமாக இருக்கவில்லை.

அவசரச் சட்டத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். பேரவை கூடாத காலத்தில் ஆளுநர் பிறப்பிப்பது, 213-ஆம் பிரிவு. பேரவை மீண்டும் கூடிய நாளிலிருந்து ஆறு வாரம்தான் ஆயுள். இணையவழிச் சூதாட்டத் தடைக்கு 2022 அக்டோபர் தொடக்கத்தில் அவசரச் சட்டம் வந்தது. பேரவை கூடியது அக்டோபர் 17. இரண்டே நாளில், 19-ஆம் தேதி, அதற்கு மாற்றான சட்டமுன்வடிவும் நிறைவேறியது. ஆனால் ஒப்புதல் வரவில்லை. ஆறு வாரம் முடிந்து நவம்பர் 27-ஓடு அவசரச் சட்டம் காலாவதி. 2023 மார்ச்சில் ஆளுநர் திருப்பி அனுப்ப, 23-ஆம் தேதி பேரவை மறுபடி நிறைவேற்ற, ஏப்ரலில்தான் ஒப்புதல் கிடைத்தது. இடைப்பட்ட நாலு மாதத்துக்கு மேல் அந்தத் தடை தமிழ்நாட்டில் நடைமுறையில் இல்லை. பேரவை தன் வேலையை ஒழுங்காக முடித்தும் வந்த இடைவெளி இது. நாட்காட்டியை வைத்து விளக்கினால் எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்.

ஆளுநர் முன் உள்ள வழிகள் 200-ஆம் பிரிவில் இருக்கின்றன: ஒப்புதல் தருவது, குடியரசுத் தலைவருக்கு அனுப்புவது, அல்லது ஒப்புதலை நிறுத்திக் குறிப்போடு பேரவைக்குத் திருப்புவது. இதில் பழைய குறிப்புகளை அப்படியே சொல்லிவிடாதீர்கள். 2025 ஏப்ரல் 8 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் காலக்கெடு வகுத்தது; நம் மாநிலத்தின் 10 சட்டமுன்வடிவுகளுக்கு ஒப்புதல் கிடைத்ததாகவே கருதியது. பிறகு குடியரசுத் தலைவர் கருத்துக் கேட்டதில், ஐந்து நீதிபதிகள் அமர்வு நவம்பர் 20 அன்று, நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது, "கருதப்படும் ஒப்புதல்" என்பது அரசியலமைப்பில் இல்லை என்று சொன்னது. காரணம் சொல்லாமல் காலவரையின்றி வைத்திருந்தால் மட்டும், முடிவெடுக்கும்படி வரம்போடு உத்தரவிடலாம் என்றது. மக்கள் தேர்ந்தெடுத்த அவை இரண்டு முறை நிறைவேற்றியதற்கு நாள் குறிக்க வழியில்லை என்பது எனக்கு வருத்தம்தான். ஆனால் வகுப்பில் இன்றைய நிலை என்னவோ அதைத்தான் சொல்ல வேண்டும்.

மலைச்சாரல் (ஏற்காடு):

இரண்டு பேருக்கும் நன்றி. தேதி வரிசையை அப்படியே பலகையில் எழுதப்போகிறேன். ஒரு விஷயம் மட்டும் தெளிவாகவில்லை. வன உரிமை விதிகளில் ஏதாவது மாற்றம் வேண்டுமென்றால் நாங்கள் ஏற்காடு எம்.எல்.ஏ.விடம் கேட்பதா, சேலம் எம்.பி.யிடம் கேட்பதா? "சேலம்-சென்னை எட்டுவழிச் சாலையைப் பேரவையில் ஒரு சட்டம் போட்டு நிறுத்தியிருக்கலாமே" என்றும் இங்கே பலர் கேட்கிறார்கள்.

வாழப்பாடி வாசகர்:

முதலில் ஒரு திருத்தம் தோழர். ஏற்காடு சட்டமன்றத் தொகுதி சேலம் மக்களவைத் தொகுதியில் வராது, கள்ளக்குறிச்சியில் வருகிறது. ஆத்தூரும் கெங்கவல்லியும் அப்படித்தான். சேலம் எம்.பி.க்கு மனு எழுதினால் அது வாக்காளர் அல்லாதவரின் மனுவாகப் போய்ச் சேரும்.

வன உரிமைச் சட்டத்தின் கீழ் விதி செய்யும் அதிகாரம் மத்திய அரசிடம், 14-ஆம் பிரிவு. அந்த விதிகளை மாற்ற நாடாளுமன்றத்தில் புது மசோதா தேவையில்லை. அமைச்சகம் அரசிதழில் வெளியிட்டு, நாடாளுமன்றத்தில் 30 நாள் முன்வைத்தால் போதும். உறுப்பினர் எவரும் அந்த நாட்களுக்குள் மாற்றம் கேட்கலாம், ஆனால் கேட்பவர் மிகக் குறைவு.

2012 செப்டம்பர் திருத்தம் அப்படி வந்ததுதான், அது உங்கள் குழுவை நேராகத் தொடுகிறது. அதற்கு முன் வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்கு பழங்குடியினர் இருந்தால் போதும், இப்போது மூன்றில் இரண்டு பங்கு. கிராம சபைக்கு முன்பு மூன்றில் இரண்டு பங்கு வருகை வேண்டும், இப்போது பாதி. ஆனால் வந்திருப்பவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும், உரிமை கோரும் தீர்மானம் என்றால் கோருபவர்களில் பாதிப் பேராவது நேரில் இருக்க வேண்டும். சட்டப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு கூட்டம் போட்டால் இதில் ஒன்றும் தெரியாது. காப்பி பறிக்கும் பருவத்தில் கூட்டம் வைத்து வருகை குறைந்தால் அந்தத் தீர்மானத்தைக் கோட்ட அளவிலான குழு திருப்பிவிட இடமிருக்கிறது. கூட்டப் பதிவேட்டில் மொத்தம் எத்தனை பேர், வந்தவர் எத்தனை, பெண்கள் எத்தனை, கோருபவர் எத்தனை என்று நான்கு எண்ணையும் முதல் வரியிலேயே எழுதிவிட்டுப் பிறகு கையெழுத்து வாங்குங்கள்.

நம் பேரவை ஒரு தீர்மானம் போட்டு மத்திய அரசைக் கேட்டுக்கொள்ளலாம். அது கோரிக்கை, சட்டமாகாது. உங்கள் கிராம சபைத் தீர்மானத்துக்கோ இந்த விஷயத்தில் சட்ட வலு உண்டு. 6-ஆம் பிரிவுப்படி உரிமையை நிர்ணயிக்கும் நடைமுறையைத் தொடங்கும் அதிகாரமே கிராம சபைக்குத்தான்.

எட்டுவழிச் சாலைக்கு வருவோம். அது 1956-ஆம் ஆண்டு தேசிய நெடுஞ்சாலைகள் சட்டத்தில் நிலம் எடுத்த திட்டம். தேசிய நெடுஞ்சாலை ஒன்றிய அரசுப் பட்டியலில் இருக்கிறது. பேரவை அதற்குக் குறுக்கே சட்டம் போட முடியாது. அதனால்தான் சண்டை நீதிமன்றத்தில் நடந்தது: 2019 ஏப்ரல் 8-இல் உயர் நீதிமன்றம் நில எடுப்பு அறிவிக்கைகளை ரத்து செய்தது, 2020 டிசம்பர் 8-இல் உச்ச நீதிமன்றம், நிலம் எடுக்கும் எண்ணத்தைத் தெரிவிக்கும் 3ஏ அறிவிக்கை செல்லும் என்றது.

மாநில நெடுஞ்சாலைக்கு நிலம் எடுப்பது வேறு கதை. நில எடுப்பு பொதுப் பட்டியலில் இருப்பதால் பேரவையும் சட்டம் போடலாம். மத்தியச் சட்டத்தோடு மோதினால் அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவுப்படி குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வாங்க வேண்டும். அதில் தேதி எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். 2013 நில எடுப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2014 ஜனவரி 1. அந்த நாளைக் கணக்கு வைத்துத் தமிழ்நாடு தன்னுடைய மூன்று பழைய நில எடுப்புச் சட்டங்களைக் காப்பாற்றத் திருத்தம் கொண்டுவந்தது. உயர் நீதிமன்றம் 2019 ஜூலை 3-இல், மோதல் பிறந்தது மத்தியச் சட்டம் ஒப்புதல் பெற்ற 2013 செப்டம்பரிலேயே, அப்போதே அந்த மூன்றும் செத்துவிட்டன, செத்ததைத் திருத்தி எழுப்ப முடியாது என்றது. பேரவை அதே மாதம் அவற்றுக்கு உயிர் கொடுக்கும் புதுச் சட்டம் இயற்றி, டிசம்பரில் குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கியது. 2021 ஜூன் 29-இல் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது. நீங்கள் கேட்ட "எந்த நாளில் சட்டம்" என்ற கேள்விதான் அங்கே வழக்காக நின்றது.

ஓமலூர் ஆசிரியை:

ஊர்க்காரர் கருத்துச் சொல்லும் வழி பற்றி நானே எழுதுகிறேன், அது விடுபட்டுவிட்டது.

மத்திய அரசு 2014-இல் ஒரு கொள்கை வகுத்தது: வரைவை 30 நாள் பொதுவெளியில் வைத்துக் கருத்துக் கேட்க வேண்டும் என்று. அமைச்சகங்கள் பலமுறை அதை விட்டுவிடுகின்றன. அது சட்டம் இல்லை என்பதால் அதை மட்டும் காட்டி ஒரு மசோதாவைச் செல்லாததாக்க முடியாது. அதைவிடப் பலன் தருவது நாடாளுமன்ற நிலைக்குழு. துறைவாரியாக 24 இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். மசோதா குழுவுக்குப் போனதும் கருத்துக் கேட்டு விளம்பரம் வரும், கெடு குறைவாகவே இருக்கும். "இந்த மசோதா வேண்டாம்" என்று எழுதினால் குழுவுக்கு உதவாது. எந்தப் பிரிவு, இப்போதுள்ள வாசகம் என்ன, மாற்று வாசகம் என்ன, காரணம் என்ன என்று பிரிவுவாரியாக எழுத வேண்டும்.

மக்களவை கலைந்தால் அங்கே நிலுவையில் உள்ள மசோதாவும், அது நிறைவேற்றி மாநிலங்களவையில் கிடப்பதும் காலாவதி. மாநிலங்களவையில் தொடங்கி மக்களவைக்கே வராதது தப்பும். தேர்தலுக்கு முந்தைய கூட்டத்தொடரில் அறிமுகமாகும் மசோதாவுக்கு மனு எழுதும்போது இதை மனதில் வையுங்கள்.

அஸ்தம்பட்டி வக்கீல்:

இரண்டு சின்ன விஷயம். தமிழ்நாடு அரசிதழில் சட்டமுன்வடிவுகள் பகுதி 4, பிரிவு 1-இல் வரும்; சட்டங்களும் அவசரச் சட்டங்களும் பகுதி 4, பிரிவு 2-இல். தேடும் வாசகம் முதலாவதில் இருந்து இரண்டாவதில் இல்லையென்றால் அது இன்னும் சட்டமாகவில்லை.

இன்னொன்று, கடைக்காரர்கள் "பிளாஸ்டிக் தடைச் சட்டம்" என்பது பேரவை இயற்றியது அல்ல. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு தரும் அதிகாரத்தில் 2018 ஜூன் 25-இல் போட்ட அரசாணை எண் 84. 2019 ஜனவரி 1 முதல் நடைமுறை. ஏற்காட்டில் எல்லோருக்கும் பழக்கமான தடை என்பதால் சட்டம், விதி, அரசாணை மூன்றுக்கும் உள்ள வேறுபாட்டை அதிலிருந்தே தொடங்கலாம். வன உரிமைச் சட்டத்தின் தமிழ்ப் பெயர்ப்பை வகுப்பில் கொடுக்கிறீர்கள் என்றால் ஆங்கில மூலம் ஒரு பிரதியையும் மேசையில் வையுங்கள். வாசகத்தில் சந்தேகம் வந்தால் நீதிமன்றம் பார்ப்பது அதைத்தான்.